குதிர் அனுப்பும் சேதி

பாப்பாரப்பட்டி என்றதும் சுப்பிரமணிய சிவாவின் நினைவு வருவது இயல்பு. தேசத்துக்காக உழைத்து நோயில் நைந்த அந்தத் தேகம் 1925-ல் அடங்கியது, தருமபுரி மாவட்டத்து அந்த ஊரில்தான். ஆனால் நான் இப்போது உங்களை அங்கே அழைப்பது வேறொரு விஷயத்துக்காக. கேழ்வரகும் சாமையும் விளையும் வானம் பார்த்த பூமி அது. அப்படிப்பட்ட சீமையில் குடித்தனம் செய்த பெண்மணி, அந்தக் காலத்தில், வீட்டுக் குதிரின்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பாள். தானியம் நிறைய இருந்தால் களி. அடியைத் தொட்டுவிட்டால் நீர்த்த கூழ். கல்யாணப் பேச்சு எழுந்தால்கூட, "இந்த வருஷம் வேண்டாம்" என்று தள்ளிப் போட்டுவிடுவாள்.

உங்கள் உடம்பிலும் அப்படி ஒரு குதிர் இருக்கிறது, அம்மணி. கொழுப்புதான் அது. அதில் இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி கொண்டுபோகும் ஹார்மோனுக்கு 'லெப்டின்' என்று பெயர். கொழுப்பு உயிரணுக்களே அதைச் சுரக்கின்றன. சேதி பலமாகப் போனால் மூளை பசியை அடக்குகிறது. மெலிந்தால் பசியைக் கிளப்பிவிடுகிறது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெஃப்ரி ஃப்ரீட்மனும் சகாக்களும், பூசணிக்காய்போல் பருத்த ஒருவகை எலியை ஆராய்ந்து, 1994-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த எலிக்கு இந்த ஹார்மோன் சுரக்கவே இல்லை.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா? நேர்ந்திருக்கிறது. 1997-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் ஒரே குடும்பத்துக் குழந்தைகள் இருவரைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ! ஓயாத பசி. பெற்றவளின் காதில் என்னென்ன பேச்சு விழுந்திருக்குமோ! இருவர் உடம்பிலும் லெப்டின் அநேகமாக இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிற்று. தினம் ஊசி போட்டதில், அந்தப் பெண் ஒரு வருஷத்தில் 16 கிலோ குறைந்தாள். தீனிப்பண்டாரம் என்று யாரையாவது கேலி செய்ய வாயெடுக்கும்போது, இந்தக் குழந்தையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் எனக்கும் அந்த ஊசி!" என்கிறீர்களா? பொறுங்கள். இந்தக் குறை வெகு அபூர்வம். பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் தாராளமாகவே இருக்கிறது. மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டு கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்கிய அமெரிக்க மருந்துக் கம்பெனி, இதனால் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

ஆள் ஒல்லியாக இருந்தால் குதிர் காலி என்றும் எண்ணிவிடக் கூடாது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. புனேயில் பிறந்த குழந்தைகளையும் லண்டன் வெள்ளைக்காரக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகள் சுமார் 2.8 கிலோ, அவர்கள் கிட்டத்தட்ட 3.5 கிலோ. தொப்புள்கொடி ரத்தத்தில் லெப்டின் மட்டும் இளைக்கவில்லை! கை கால் மெலிந்திருந்தாலும் நம்மவர் உடம்பில் கொழுப்புப் பதுங்கியிருக்கும். பிற்காலத்தில் சர்க்கரை வியாதி தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, கல்லூரியில் படிக்கும் பெண் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இடுப்பு மெலிய வேண்டுமென்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுகிறார்களே, அப்போது குதிர் இறங்குவதற்கு முன்பே லெப்டின் மளமளவென்று இறங்கிவிடும். பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை மிரளும். பசி மூளும், உடம்பு சூட்டைச் சிக்கனப்படுத்தும். கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட அந்தக் குடியானவப் பெண்மணியைப்போல, கருத்தரிக்கும் காரியத்தையும் மூளை ஒத்திவைக்கும், மாதவிலக்கு நின்றுபோகும். இது வெறும் ஊகமல்ல. கடும் உடற்பயிற்சியாலோ எடைக் குறைவாலோ விலக்கு நின்ற எட்டுப் பெண்களுக்கு பாஸ்டன் டாக்டர்கள் லெப்டின் கொடுத்துப் பார்த்ததில், சிலருக்குச் சில மாதங்களிலேயே கருமுட்டை வெளிவரத் தொடங்கிற்று. 2004-ல் வந்த செய்தி இது.

மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வராத பெண்ணை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, எத்தனை நாளாக அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.