அப்போதிக்கரி கற்ற கல்வி

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுசெல்வதென்றால், கடல் அமைதியாயிருக்கும் வேளை பார்த்து லோஞ்சில் ஏற்ற வேண்டும், அல்லது கிழக்கு மாகாணத்தார் ‘பாதை’ என்றழைக்கும் மிதவையில் நீர்த்துறைகளைக் கடந்து சுற்றிவர வேண்டும் என்றிருந்த காலத்தில், “இவரை இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, அனுப்பியே தீரவேண்டுமா” என்ற வினாவுக்கு விடைசொல்லும் பாரம், கிராமத்து மருந்தகங்களில் பெரும்பாலும் டாக்டர் பட்டம் பெறாத ஒருவரின் தலைமேல்தான் விழுந்தது. ஊரார் அவரை அப்போதிக்கரி ஐயா என்றார்கள். அரசாங்க ஏடுகள் பிற்காலத்தில் அவரை உதவி மருத்துவர் என்றும், பதிவுபெற்ற மருத்துவ அதிகாரி என்றும் குறித்தன.

பிசிசியன் அசிஸ்டென்ட் என்ற பெயரில் இன்று பல தேசங்களில் நடைபெறும் பயிற்சிக்கு நம் மண்ணில் வாய்த்த மூத்த உறவு இதுவே. அமெரிக்காவில் அப்பயிற்சியை 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய யூஜின் ஸ்டெட், கடற்படையில் வைத்திய ஊழியம் செய்து விலகியிருந்த நால்வரை முதல் மாணாக்கராகச் சேர்த்துக்கொண்டார். 1967 அக்டோபர் 6ஆம் நாள் அவர்களில் மூவர் தேறி வெளிவந்தனர். டாக்டர் எட்டாத நடுக்கடலில் நோயோடு போராடிய அநுபவம் ஏட்டுக் கல்விக்கு ஈடாக மதிக்கப்பட்டதில், 1957 வரை பிரித்தானியக் கடற்படையைத் தன் மடியில் வைத்திருந்த திருகோணமலைத் துறைமுகத்தார் வியப்படைய ஒன்றுமில்லை.

ஆனால், குறுகிய கால வைத்தியக் கல்வியில் தேறுவது எப்படி என்பதை நமக்கு முன்னரே சிந்தித்தவர் ஒருவர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்தில் தாம் பயிற்றிய மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிக் கிராமங்களைக் கைவிட்டுச் செல்வதைக் கண்டு, பாடத்தையே தமிழுக்கு மாற்றி, இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவரிடம் கற்றுத் தேறியோர் 60 பேருக்கு மேல். கிராமத்தில் ஆள் தங்கவேண்டுமென்பதே அவர் கருத்தாயினும், அதனால் விளைந்த பயன் அதனினும் பெரிதென்பது என் அபிப்பிராயம். நாரி உளைவு என்றும், தலையிடி என்றும், சத்தி என்றும் நோயாளி தன் வாயால் சொல்வதை, இடையில் வேறொரு பாஷையில் புகுந்து வெளிவராமல், நேரே நோயின் குறியாக உணரும் பழக்கம் அங்கே கைகூடிற்று.

அந்தக் கேள்விச் செல்வமே இப்பயிற்சியின் பாதி. மறுபாதி கையிலும் கண்ணிலும் இருக்கிறது. வயிற்றுநோவென்று ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோவு முதலில் தொப்புளைச் சுற்றி எழுந்து பின் வலது அடிவயிற்றுக்கு இறங்கியதா, பசி அற்றுப்போயிற்றா, உடம்பு காய்கிறதா என்று பொறுமையாக விசாரித்து, அவ்விடத்தை மெல்ல அழுத்திச் சட்டெனக் கையெடுக்கும்போது நோவு மிகுகிறதா என்று முகத்தையே பார்த்திருந்து, ஆமென்றால், சீரணக் குறைவென்று கலவை மருந்து ஊற்றிக் கொடுத்து ஒரு பகலை வீணாக்காமல், குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று உடனே சத்திரசிகிச்சைக்கு அனுப்புகிறவனே தேறியவன். புத்தகம் முழுவதையும் நெட்டுருச் செய்தவன் பரீட்சையில் முதலிடம் பெறலாம். தன் அறிவு முடியும் இடத்தை அறியாதவன், மூதூரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஆபத்தானவன்.

காய்ச்சலும் அப்படியே. மலேரியா குடிகொண்டிருந்த இந்த வறண்ட பிரதேசத்தில் குளிர்நடுக்கத்தைக் கண்டதும் அதன் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனத்தால் அறிவிக்கப்பட்டபின், இன்றைய மாணவன் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் முதலில் நினைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அன்றன்று கண்ட நோயாளியை அன்றிரவே நோட்டுப்புத்தகத்தில் எழுதி, தான் நினைத்தது எது, பெரிய டாக்டர் கண்டது எது என்று ஒப்புநோக்கும் சிரத்தை இல்லாதவன், சென்னையில் கற்றாலும் அமெரிக்காவில் கற்றாலும் பத்து ஆண்டுக்குப் பிறகும் முதலாண்டு மாணவனாகவே இருப்பான்.

கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்குக் காத்திருந்த காலம் அங்கே போயிற்று. உதவி மருத்துவர் பயிற்சியும் 1990களில் நிறுத்தப்பட்டுவிட்டது. கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவர் உங்கள் தெருவில் இருப்பாராயின், வைத்தியம் படிக்கப் போகும் பிள்ளையை ஒரு மாலைப்பொழுது அவர் திண்ணைக்கு அழைத்துச் சென்று, யாரை வைத்துக்கொண்டீர்கள், யாரை அனுப்பினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.