குதிரை ஏன் அதற்கு மேல் தாண்டுவதில்லை?

மனிதர் ஒருவர் ஓடிவந்து தாண்டிய உயரங்களில் இதுவரை மிகப் பெரியது 2.45 மீட்டர். கியூபா நாட்டு வீரர் ஹவியர் சோட்டோமயோர் 1993-இல் தாண்டியது. சரி, ஒரு குதிரை தாண்டிய மிகப் பெரிய உயரம் எவ்வளவு இருக்கும்? நான்கு கால்கள், அரை டன்னுக்கு மேல் எடை, பார்த்தாலே மிரளவைக்கும் தசைகள். நான்கு மீட்டராவது இருக்கும் என்றுதான் வகுப்பில் மாணவர்கள் சொல்வார்கள். உண்மையான விடை 2.47 மீட்டர்! 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வீனா தெல் மார் நகரில், காப்டன் அல்பர்ட்டோ லராகிபெல் என்ற இராணுவ அதிகாரி ‘உவாசோ’ என்னும் குதிரையின்மீது அமர்ந்து அந்த உயரத்தைத் தாண்டினார். இன்றுவரை அதை யாரும் மிஞ்சவில்லை.

மனிதனுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர். நீளத் தாண்டலிலோ நிலைமை இன்னும் வேடிக்கை. தண்ணீர்ப் பள்ளத்தைத் தாண்டியதில் குதிரையின் சாதனை 8.40 மீட்டர் (ஜோகன்னஸ்பர்க், 1975). அமெரிக்காவின் மைக் பவெல் 1991-இல் தன் இரண்டு கால்களால் 8.95 மீட்டர் தாண்டிவிட்டார்.

நம் ஆரணிப் பக்கத்தில் குதிரை என்றாலே செஞ்சிக் கோட்டை தேசிங்குராஜனின் நினைவுதான் வரும். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது இளம் வயதிலேயே மாண்டவன். அவன் குதிரை ஆற்றைத் தாண்டியதா, மதிலைத் தாண்டியதா என்று கேட்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கதைப்பாட்டில் தாண்டட்டும், அங்கே ஈர்ப்பு விசைக்கு இடமில்லை. களத்தில் தாண்டும் குதிரைக்கு மட்டும் ஓர் எல்லை இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. தாண்டுவது என்றால் உடலின் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குவது. அதற்கு வேண்டிய ஆற்றல் நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்குத்தொகை. அந்த ஆற்றலைக் கொடுப்பது தசை. ஒரு கிலோ தசை ஒரே ஒரு சுருக்கத்தில் கொடுக்கக்கூடிய வேலை, எலியானாலும் குதிரையானாலும் ஏறத்தாழ ஒன்றே. உடல் இரண்டு மடங்கு பெரிதானால் தசையும் இரண்டு மடங்கு, கிடைக்கும் ஆற்றலும் இரண்டு மடங்கு. ஆனால் தூக்கவேண்டிய நிறையும் இரண்டு மடங்கு! சமன்பாட்டின் இரு பக்கத்திலும் நிறை அடிபட்டுப்போகிறது. எஞ்சுவது உயரம் மட்டுமே. ஆகையால் தாண்டும் உயரம் உடலின் பருமனைச் சார்ந்தது அல்ல. இத்தாலியரான பொரெல்லி பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு சொன்னார். சோட்டோமயோரின் ஈர்ப்பு மையமும் உவாசோவின் ஈர்ப்பு மையமும் நிற்கும் நிலையிலிருந்து எழும்பிய தூரம் ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் என்ற அளவில்தான் இருந்திருக்கும். தெள்ளுப்பூச்சி தன் நீளத்தைப்போல் நூறு மடங்கு தாண்டுகிறது என்று வியந்து எழுதுகிறார்களே, அதில் வியப்பு தெள்ளுப்பூச்சி சிறியது என்பதில்தான் இருக்கிறது.

இப்போது போட்டிக் களத்துக்கு வருவோம். ஒலிம்பிக் தாண்டல் போட்டிகளில் தடைகளின் உயரம் 1.60 மீட்டரைத் தொடும். பத்துப் பன்னிரண்டு தடைகளைக் குறித்த நேரத்துக்குள் வரிசையாகத் தாண்டவேண்டும். ஒரு கம்பு விழுந்தால் 4 குற்றப்புள்ளிகள். குதிரை தாண்ட மறுத்து நின்றுவிட்டாலும் 4. ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதும் ஒலிம்பிக் விளையாட்டு இது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். தாண்டுவது குதிரை அல்லவா!

குதிரையும் ஆளும் சேணமுமாக 675 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னங்கால்கள் தரையை விட்ட கணத்திலிருந்து ஈர்ப்பு மையம் மேலும் 60 சென்டிமீட்டர் எழவேண்டும் என்போம். (முன்னுடல் ஏற்கெனவே நிமிர்ந்துவிட்டதால் மையமும் ஓரளவு உயர்ந்துவிட்டது.) அதற்கு மேல்நோக்கிய வேகம் வினாடிக்கு 3.4 மீட்டர் வேண்டும். உச்சியை அடைய 0.35 வினாடி; இறங்க இன்னொரு 0.35 வினாடி. முன்னோக்கிய வேகம் வினாடிக்கு 6 மீட்டர் என்றால், கம்புக்கு 2.1 மீட்டர் முன்னால் எழும்பி, 2.1 மீட்டர் அப்பால் இறங்கவேண்டும். கல்லை எறிந்தால் எந்தப் பரவளையத்தில் போகுமோ, அதே பரவளையம்தான். கால் தரையை விட்ட பிறகு குதிரையோ வீரரோ எதைச் செய்தாலும் அந்தப் பாதை மாறாது. காற்றில் இருக்கும்போது வீரர் கடிவாளத்தை இழுத்துக் குதிரையைத் ‘தூக்கிவிடுவதாக’ப் பார்ப்பவர்கள் நினைக்கலாம். நியூட்டன் அதற்கு இடம் தருவதில்லை.

இந்த எழும்பலுக்கு ஆன ஆற்றல் சுமார் 4,000 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை 8 மீட்டர் உயரத்துக்கு, அதாவது இரண்டு மாடிக்கு மேல், ஏற்றுவதற்குச் சமம். மூட்டை தூக்குபவர் அதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார். குதிரைக்குக் கிடைப்பது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு! வேலை முழுவதையும் பின்னங்கால்களே செய்வதாகக் கொண்டால், அந்த 0.2 வினாடியில் அவை தரையை உதைக்கும் சராசரி விசை 18,000 நியூட்டன். மொத்த எடையைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு. உண்மையில் முன்னங்கால்களும் பங்கு கொள்கின்றன. கடைசி அடியில் அவை ஊன்றுகோல்போல் விறைத்து நின்று, முன்னோக்கி ஓடும் வேகத்தில் ஒரு பகுதியை மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றன. கோலூன்றித் தாண்டுபவர் செய்வதும் இதுவே.

பாதை முன்பே முடிவாகிவிட்டதென்றால், எழும்பும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாம் என்பது விளங்கும். பாய்ச்சல் நடையில் குதிரையின் ஓர் அடி சுமார் 3.6 மீட்டர். அடுத்தடுத்து இரண்டு தடைகள், நடுவில் ஒரே ஓர் அடி என்று களம் அமைப்பவர் விரும்பினால், இறங்க 2.1, ஓர் அடி 3.6, எழும்ப 2.1, ஆக 7.8 மீட்டர் விடுவார். அரை மீட்டர் கூட்டியோ குறைத்தோ வைத்தால் குதிரைக்குச் சங்கடம். களம் அமைப்பவர்களின் சாமர்த்தியமெல்லாம் இந்த அரை மீட்டரில்தான் இருக்கிறது.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகில் உள்ளது அதற்குத் தெரியாது. தடையை நெருங்கிய கடைசிக் கணத்தில் அது கம்பைப் பார்த்துத் தாண்டவில்லை; சற்றுமுன் பார்த்ததை நினைவில் வைத்துத் தாண்டுகிறது. இன்னொன்று: குதிரையின் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய முடியாது. பச்சைப் புல்வெளியில் ஆரஞ்சு நிறக் கம்பு நம் கண்ணைப் பறிக்கும். குதிரைக்கோ அது புல்லோடு கலந்துபோகும். பிரிட்டனில் பந்தயத் தடைகளின் ஆரஞ்சு நிறத்தை விட்டு வெள்ளைக்கு மாறியது இந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான். அத்தனை காலம் தடைக்கு வண்ணம் பூசியவர்கள் தங்கள் கண்ணைக் கொண்டே பூசியிருக்கிறார்கள்!

வீரர் எப்படி அமர்வது என்பதிலும் நெடுங்காலம் தவறு நடந்தது. தாண்டும்போது உடலைப் பின்னால் சாய்த்துக் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதே வழக்கமாக இருந்தது. முன்னங்கால்களின் பாரத்தைக் குறைப்பதாக எண்ணம். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெடரிக்கோ கப்ரில்லி (1868–1907) இதை மாற்றினார். அங்கவடியைக் குட்டையாக்கி, இருக்கையிலிருந்து எழும்பி, முன்னால் குனிந்து, குதிரையின் கழுத்தை நீட்டவிடச் சொன்னார். வீரரின் ஈர்ப்பு மையம் குதிரையின் மையத்துக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. குதிரை முதுகை வில்லாக வளைத்துப் பின்னங்கால்களைத் தாராளமாக மடக்கமுடிகிறது. உலகம் முழுவதும் இன்று தாண்டுபவர்கள் இந்த முறையில்தான் தாண்டுகிறார்கள்.

இனி இறங்குவது. எனக்குக் கேட்டால் கட்டுரையின் கனமான பகுதி இதுதான். நான்கு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொடுவதில்லை. முதலில் ஒரே ஒரு முன்னங்கால் தொடுகிறது. ஒரு கணம் கழித்தே மற்றது. உயரத்தையும் வேகத்தையும் பொறுத்து, அந்த ஒற்றைக் காலில் விழும் விசை குதிரையின் எடையைப்போல் இரு மடங்கை நெருங்கும். அந்தக் காலைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை எனலாம். எலும்பு, தோல், பின்பக்கம் கயிறுபோல் ஓடும் தசைநாண்கள். பாரத்தை ஏந்துவது அந்த நாண்களே.

தசைநாண் ஒரு புரத இழை. நம் ஊர்த் தறிகளில் ஓடும் பட்டும் ஒரு புரத இழை. முன்னது கொலாஜென், பின்னது பைப்ராயின். ஆரணியில் பாவு பூட்டிப் பழகியவர்களுக்கு இழையின் குணத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பட்டு, இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் திரும்பும். நூற்றுக்கு பதினைந்து இருபது பங்கு நீண்டால் அறுந்துபோகும். குதிரையின் முன்னங்கால் தசைநாணும் அறுபடுவது நூற்றுக்கு இருபது பங்கு நீளும்போதுதான். சரி, நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையில் அந்த நாண் எவ்வளவு நீள்கிறது என்று அளந்தார்கள். நூற்றுக்கு பதினாறு! கிணற்றுக் கயிறு வாங்கினால்கூட, இறைக்கும் பாரத்தைப்போல் பல மடங்கு தாங்குவதாகப் பார்த்து வாங்குகிறோம். இயற்கை இந்த நாணுக்கு அப்படிப்பட்ட தாராளம் எதையும் காட்டவில்லை. இயற்கையைக் குறை சொல்லவும் முடியாது. நீளும் நாண் வில்லைப்போல் ஆற்றலைச் சேமித்து அடுத்த அடிக்குத் திருப்பித் தருகிறது. விறைத்த நாண் பத்திரமாக இருக்கும், குதிரை ஓடாது.

திருப்பித் தருவதில் ஒரு கசிவு உண்டு. சேமித்த ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வெப்பமாகிவிடுகிறது. நாணில் இரத்த ஓட்டம் குறைவு. வெப்பம் எளிதில் வெளியேறாது. வேகமாக ஓடிய குதிரையின் நாண் நடுவில் 45 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள். உயிரணுக்களுக்கு அது ஆகாத சூடு. சிறுசிறு சேதங்கள் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் நாண் கிழிகிறது. தறியில் இழை அறுந்தால் நெசவாளி விரல் நுனியில் முறுக்கி இணைத்துவிடுவார், சேலையில் தெரியாது. தசைநாணில் அது நடப்பதில்லை. காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும். ஆறியபின் அங்கே இருப்பது பழைய மீட்சி இல்லாத தழும்புத் திசு. அந்த நாண் மறுபடி கிழிவது மிகச் சாதாரணம்.

குதிரை வைத்திருப்பவர்களின் கவலை எல்லாம் இதைச் சுற்றித்தான். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்குப் போனால் கத்தியவாரும் மார்வாரியும் கைமாறுவதைப் பார்க்கலாம். விவரம் தெரிந்தவர் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார். வாங்குவது ஒரு செலவு. வைத்திருப்பது தினச் செலவு. 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு எட்டு முதல் பத்துக் கிலோ உலர்தீனி வேண்டும். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது, நம் சித்திரை வெயிலில் இன்னும் அதிகம். கொள்ளு கொடுக்கலாம், அளவாக. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே தானியத்தை அள்ளிக் கொட்டினால் வரும் வயிற்றுவலி உயிரையே கொண்டுபோகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கி லாடம் கட்டவேண்டும். கோணலாகக் கட்டிய லாடம் பாரத்தை ஒருபக்கத்து நாணில் ஏற்றிவிடும்.

இந்தியாவுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தங்கம் வென்றார். தனிநபர் பதக்கம் அடுத்து வந்தது 36 ஆண்டுகள் கழித்து: 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூருவின் பவாத் மிர்சா ‘செனோர் மெடிகாட்’ என்னும் குதிரையில் வெள்ளி வென்றார். நடைப் பயிற்சி, நாட்டுப்புற ஓட்டம், தாண்டல் மூன்றும் சேர்ந்த போட்டி அது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே குதிரையில் இறுதிச் சுற்றுவரை போய் 23-ஆம் இடம் பெற்றார். அந்தக் குதிரையும் இடையில் காயத்தால் ஓய்வில் இருந்து மீண்டதுதான்.

காயத்தைத் தவிர்க்கச் செய்யக்கூடியது என்ன? தாண்டும் களத்தில் மணல் மிக இறுகியும் இருக்கலாகாது, மிக இளகியும் இருக்கலாகாது. இறுகினால் விசை கூடும். இளகினால் குளம்பு புதைந்து நாண் மேலும் நீளும். பயிற்சி முடிந்ததும் முழங்காலுக்குக் கீழே கால்மணி நேரம் குளிர்ந்த நீரை ஓடவிடவேண்டும். வெப்பம் கடத்தப்படுவதற்கு இதைவிட மலிவான கருவி இல்லை. மறுநாள் காலையில் சேணம் பூட்டுமுன் இரண்டு முன்னங்கால்களின் பின்புறத்தையும் உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் சற்றே சூடாக இருந்தால், நொண்டாவிட்டாலும் அன்றைக்குத் தாண்டல் கிடையாது. கால்நடை மருத்துவருக்குத்தான் ஆள் அனுப்பவேண்டும்.