எழுந்து தொடங்கும் சக்தி

செய்யவேண்டியது இன்னதென்று தெரிகிறது. செய்தால் விளையும் நன்மையும் தெரிகிறது. அதற்கு வேண்டிய அவகாசமும், உடம்பில் வலுவும், அறிவில் தெளிவும் குறைவின்றி இருக்கின்றன. இருந்தும் மனிதன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை. இந்த விசித்திரமான நிலைமைக்குச் சோம்பல் என்று பெயர் சூட்டி, அதைக் குணக்கேடுகளின் ஜாபிதாவில் சேர்த்து, உபதேசம், நிந்தை என்னும் இரண்டு மருந்துகளையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதே பெரியவர்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் சிகிச்சை. அந்த உபதேசத்தின் பலனை எண்ணிக்கையாகவே அளந்து பார்த்துவிட்ட ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அவர்கள் கண்டதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், அறிவதற்கும் செய்வதற்கும் இடையிலே மூளையில் என்னதான் இருக்கிறது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளவேண்டும். அந்த விசாரணைக்கு வழி திறந்துவிட்டவை சில முயல்கள்.

1957-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையில் ஆர்விட் கார்ல்ஸன் என்ற மருந்தியல் அறிஞர், முயல்களுக்கு ரெஸெர்பின் என்னும் மருந்தைச் செலுத்தினார். ரெஸெர்பின் நமக்கு அந்நியமான வஸ்து அன்று. நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த சர்ப்பகந்தி வேரில் உள்ள சத்து அது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், அந்த வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பற்றி 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்றில் எழுதியபின், மேல்நாட்டாருக்கு அதில் சிரத்தை மிகுந்து, 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து விஞ்ஞானிகள் அந்தச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அந்த மருந்து ஏறியதும் கார்ல்ஸனின் முயல்கள் காது தொங்கி, உடல் குவிந்து, அசைவற்று உட்கார்ந்துவிட்டன. தசைகளுக்கு யாதொரு சேதமும் இல்லை. எலும்புகளும் செவ்வையாக இருந்தன. பிறகு எல்-டோபா என்ற வேறொரு பொருளைச் செலுத்தினார். சில நிமிஷங்களுக்கெல்லாம் தொங்கிய காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்து நடமாடலாயின. எல்-டோபா மூளைக்குள் சென்று டோபமின் என்ற ரசாயனமாக மாறுகிறது. அதுவரையில் டோபமினை, மற்றொரு ரசாயனம் உண்டாகும் வழியில் தோன்றி மறையும் இடைப்பொருளாகவே விஞ்ஞானிகள் மதித்திருந்தார்கள். அதற்கென்று ஒரு தனி உத்தியோகம் உண்டென்பதை நிரூபித்ததற்காக, 2000-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் கார்ல்ஸனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

இங்கே சென்னைக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. கார்ல்ஸனுக்கு இருபது வருஷங்களுக்கு முன்பே, 1937-இல், சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் ரசாயன ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர், வேலிகளில் படர்ந்து, தொட்டவர் தோலையெல்லாம் அரிக்கச் செய்யும் பூனைக்காலியின் விதையிலிருந்து இதே எல்-டோபாவைப் பிரித்தெடுத்துப் பிரசுரித்திருந்தார்கள். முயலை உட்கார வைத்த சத்தும், அதை எழுப்பிய சத்தும் நம் நாட்டுப் புதர்களிலேயே கிடந்தன என்பது வேடிக்கையான பொருத்தந்தான். அதற்காக யாரும் பூனைக்காலிச் சூர்ணத்தை வாங்கி உற்சாகத்துக்காக உட்கொள்ள வேண்டாம். எல்-டோபா, நடுக்குவாத நோய்க்கு மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மருந்து. வாந்தி முதல் சித்தப்பிரமை வரையில் பல உபத்திரவங்களையும் உடன் அழைத்துவரக்கூடியது.

முயல்களின் சரித்திரத்தால் நாம் அறிவது ஓரளவுதான். அவை அசையவில்லை என்பது தெரிகிறது. அசைய விரும்பவில்லையா, அசைய இயலவில்லையா என்பது தெரிவதில்லை. டோபமின் என்றாலே இன்பத்தின் ரசாயனம் என்று இக்காலத்தில் எங்கும் ஒரு பிரசாரம் நடந்துவருகிறதே, அதன்படி பார்த்தால் அந்த முயல்களுக்கு வாழ்க்கையில் ருசியே அற்றுப்போயிற்று என்றுதான் கொள்ளவேண்டும். ஆனால் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையின் கென்ட் பெரிட்ஜ், மூளையில் டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோன எலிகளின் நாவில் சர்க்கரைத் தண்ணீரை விட்டுப் பார்த்தபோது, அவை மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சுவைத்தன. ருசி போகவில்லை; அந்த ருசியைத் தேடிச் செல்லும் முனைப்பே போய்விட்டது. எதிரிலே ஆகாரம் இருந்தும், ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து மடியும் நிலையில் இருந்தன அவை.

கனெக்டிகட் சர்வகலாசாலையின் ஜான் ஸலமோன் நடத்திய பரிசோதனை இதைவிட நுட்பமானது. இரு கிளையாகப் பிரியும் ஒரு பாதையில், ஒரு கிளையின் முடிவில் நான்கு உணவு உருண்டைகள். ஆனால் நடுவே 44 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பிவலைத் தடுப்பு. மறு கிளையில் இரண்டே உருண்டைகள். தடுப்பு ஏதும் இல்லை. ஆரோக்கியமான எலிகள் பெரும்பாலும் தடுப்பில் ஏறி இறங்கி நான்கையும் தின்றன. மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் டோபமின் குறைக்கப்பட்ட எலிகளோ, இரண்டு போதும் என்று திருப்தியடைந்து தடையற்ற பக்கமே சென்றன. தடுப்பை எடுத்துவிட்டால் அவையும் நான்கையே நாடின. ஆகவே கணக்குத் தெரியாமல் இல்லை. சுலபமான பக்கத்தில் ஒன்றுமே வைக்காவிட்டால், சற்றுத் தாமதித்தாவது தடுப்பில் ஏறின. ஆகவே கால்களில் பலம் இல்லாமலும் இல்லை. கெட்டுப்போனது, இவ்வளவு லாபத்துக்கு இவ்வளவு பிரயாசை தகும் என்று வியாபாரி மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கு ஒன்றே. அந்தக் கணக்கில் பிரயாசையின் விலை மட்டும் அநியாயமாக ஏறிவிட்டது. ஊக்கம் குன்றிய நாளில் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவதே மலையேற்றமாகத் தோன்றுவதை அனுபவித்தவர்களுக்கு, இந்த எலிகளின் மனநிலையை ஊகிப்பதில் சிரமம் இராது.

மனிதர்களிடத்தில் இதே விஷயத்தைக் கண்டறிந்தவர் பாரிஸ் நரம்பியல் மருத்துவர் டொமினிக் லாப்ளான். 1984-இல் அவரும் சகாக்களும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூவருக்கும் விஷத்தால் மூளையின் அடியாழத்திலுள்ள நரம்பணுத் திரள்கள் இருபக்கமும் பழுதுபட்டிருந்தன. ஒருவருக்கு அது குளவி கொட்டியதன் விளைவு. இவ்வகை நோயாளிகளுக்குப் பக்கவாதம் இல்லை, புத்தி மழுங்கவில்லை, துக்கமும் இல்லை. கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வார்கள். கணக்குக் கொடுத்தால் போடுவார்கள். தாமாக மட்டும் எதையும் தொடங்கமாட்டார்கள். நாள் முழுவதும் படுத்துக் கிடப்பார்கள். என்ன யோசிக்கிறீர்கள் என்றால், ஒன்றுமில்லை என்பதுதான் பதில். புல்வெட்டும் கருவியின் பிடியில் கையை வைத்தபடி, வெட்டத் தொடங்க இயலாமல் முக்கால் மணி நேரம் நின்ற ஒருவரைப் பற்றிக்கூட மருத்துவ ஏடுகள் கூறுகின்றன. மகன் வந்து ஒரு வார்த்தை சொன்னான். உடனே வேலை நடந்தது.

அந்த ஒரு வார்த்தையில்தான் இந்த விசாரணை முழுவதும் திரும்புகிறது என்பது என் அபிப்பிராயம். உள்ளிருந்து கிளம்பவேண்டிய உந்துதல் அறவே நின்றுபோன மனிதனிடத்திலும், வெளியிலிருந்து வரும் தூண்டுதலை ஏற்று நடக்கும் வழி திறந்தே இருக்கிறது. 2008-இல் பாரிஸில் மத்தியாஸ் பெஸிக்லியோன் குழுவினர் இதை அளந்தே காட்டினார்கள். இவ்வகை நோயாளிகளின் கையில் ஒரு பிடியைக் கொடுத்து, அழுத்தும் பலத்துக்கேற்பப் பணம் என்று ஆசை காட்டினார்கள். தொகை ஏறியபோது தோலில் வியர்வையின் மாறுதல் தெரிந்தது, அதாவது ஆசை உண்டாயிற்று. பிடியின் பலம் மட்டும் ஏறவில்லை. ஆனால் இன்ன அளவுக்கு அழுத்துங்கள் என்று நேராகச் சொன்னபோது, சொன்னபடியே அழுத்தினார்கள். நடுக்குவாதத்தால் தரையில் கால் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுபவர், தரையில் குறுக்குக் கோடுகள் வரைந்தால் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிடுவதும் இதே இனத்தைச் சேர்ந்த அதிசயந்தான்.

நோயாளியிடம் கண்டதை அப்படியே ஆரோக்கியமானவர்மீது சுமத்துவது சாஸ்திர முறையாகாது. நம் சோம்பலுக்குக் குளவி காரணமல்ல. ஆனால் ஆரோக்கியமான மூளையிலும் பிரயாசையின் விலை நாளுக்கு நாள், ஏன், காலைக்கும் மாலைக்குமே மாறுகிறது. பெஸிக்லியோன் குழுவினரே 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமாக மூளையை உழைக்கச் செய்தவர்களின் நெற்றிப்பக்க மூளையில் குளூட்டமேட் என்ற பொருள் மிகுந்திருந்ததையும், அவர்கள் சிரமமில்லாமல் சீக்கிரம் கிடைக்கும் சிறு லாபத்தையே விரும்பத் தொடங்கியதையும் கண்டார்கள். மாலையில் மனம் சுணங்குவதற்கு ஒழுக்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இனி, முன்பு வாக்களித்த கணக்கு. 2002-இல் மில்ன், ஆர்பெல், ஷீரன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டனில் 248 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு முறையாவது இருபது நிமிஷம் நன்றாகத் தேகப்பயிற்சி செய்கிறார்களா என்பதே சோதனை. ஒரு சாராருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் நூற்றுக்கு 38 பேர் செய்தார்கள். இன்னொரு சாராருக்கு இருதய நோயின் பயங்கரத்தையும் பயிற்சியின் மேன்மையையும் விளக்கும் பிரசுரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு ஆர்வம் வளர்ந்தது உண்மை, செய்தவர்கள் என்னவோ 35 பேர்! மூன்றாம் சாராருக்கு அதே பிரசுரத்தோடு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்யப்போகிறேன் என்று எழுதிவைக்கும்படி சொன்னார்கள். அவர்களில் 91 பேர் செய்து முடித்தார்கள். இம்முறையை வகுத்த ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் பீட்டர் கோல்விட்ஸரின் கொள்கை, தீர்மானத்தை மனநிலையின் கையில் விடாமல் சந்தர்ப்பத்தின் கையில் ஒப்படைக்கவேண்டும் என்பது. ஆறு மணிக்கு வாசல்படியைத் தாண்டி நடக்கப்போகிறேன் என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்று கொள்வோம். மணி ஆறு அடிக்கிறது, வாசல்படி கண்ணில் படுகிறது. புல்வெட்டியின் அருகே மகன் வந்து சொன்ன வார்த்தையின் ஸ்தானத்தில் இப்பொழுது கடிகாரமும் வாசல்படியும் நின்று சொல்கின்றன. உற்சாகப் பிரசங்கங்களுக்குக் கட்டணம் கட்டிச் செல்லும் நண்பர்கள் இந்த 35-ஐயும் 91-ஐயும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

உண்மையான மனச்சோர்வு நோயில் ஆழ்ந்தவர்களுக்கும் இந்த வழி பயன்படுமா? உற்சாகம் வரட்டும், பிறகு செய்வோம் என்று காத்திராமல், செயலை முன்னே விட்டு உற்சாகத்தைப் பின்னே வரவழைக்கும் சிகிச்சை முறைக்கு, அமெரிக்காவின் ஆரிகன் சர்வகலாசாலையில் 1970-களில் பீட்டர் லெவின்ஸன் அடிகோலினார். இந்தியாவில் அதைப் பெரிய அளவில் பரிசோதித்தது, கோவாவில் சங்காத் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த விக்ரம் படேல் குழு. பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வுள்ளவர்களுக்கு, மருத்துவப் பட்டமோ மனநலப் படிப்போ இல்லாத, ஆனால் தக்க பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், வாரம் ஒரு முறையாக ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். நின்றுபோன சிறு காரியங்களில் எதை, என்றைக்கு, எப்படி மறுபடி தொடங்குவது என்பதுதான் பேச்சின் சாரம். மூன்று மாதம் கழித்துப் பார்க்கையில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேரும், இந்த அமர்வுகளையும் பெற்றவர்களில் 64 பேரும் நோயின் பிடியிலிருந்து மீண்டிருந்தார்கள். எஞ்சிய முப்பத்தாறு பேருக்கு மருந்தும் மனநல மருத்துவரும் தேவைப்படலாம். அன்றியும் இரத்தசோகை, தைராய்டுச் சுரப்பியின் குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது முதலிய கோளாறுகளும் இதே வேஷத்தில் வருவதுண்டு. ஆகையால் வாரக்கணக்கில் ஒருவர் எழுந்திராமல் கிடந்தால், அவருக்கு நேரமும் இடமும் குறித்துக் கொடுப்பதற்கு முன்பு ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்வதே கிரமம்.