ஊரைக் கேட்காத மாடியறை: போர்க்கால பெல்பாஸ்டின் சிறிய இசை மேடை

1975 ஜூலை 31 அதிகாலை. வட அயர்லாந்தின் பான்பிரிட்ஜ் நகரில் நிகழ்ச்சியொன்றை முடித்துவிட்டு மியாமி ஷோபாண்ட் என்ற இசைக்குழு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நியூரிக்கு அருகில் சீருடை அணிந்தவர்கள் வாகனத்தை மறித்தார்கள். இராணுவச் சோதனை என்று நம்பி இறங்கிய கலைஞர்கள் வீதியோரம் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள்.

மறித்தவர்கள் யூவிஎஃப் என்ற புரட்டஸ்தாந்து ஆயுதக்குழுவினர். அவர்களில் சிலர் பிரித்தானிய இராணுவத்தின் உள்ளூர்ப் படைப்பிரிவிலும் இருந்தவர்கள். வாகனத்துக்குள் அவர்கள் மறைத்து வைக்க முயன்ற குண்டு முன்னதாகவே வெடித்து, அவர்களில் இருவர் பலியானார்கள். ஏனையோர் கலைஞர்களை நோக்கிச் சுட்டார்கள். மூவர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒன்றாக வாசித்த குழு அது.

அதன் பிறகு வெளியூர்க் கலைஞர்களில் மிகச் சிலரே வடக்கே வரத் துணிந்தார்கள். பெல்பாஸ்ட் நகர மையத்தைச் சுற்றி இரும்புக் கதவுகள், உடற்சோதனை. இருட்டிவிட்டால் சனம் தத்தம் பகுதிக்குள் முடங்கியது. பாடசாலை, மதுச்சாலை, விளையாட்டுக் கழகம் எல்லாமே மதத்தின்படி பிரிந்திருந்தன.

1977 ஒக்டோபரில் லண்டனின் பிரபல பங்க் குழுவான த கிளாஷ், பெல்பாஸ்டின் அல்ஸ்டர் மண்டபத்தில் வாசிக்க இருந்தது. காப்புறுதி கிடைக்காததால் நிகழ்ச்சி ரத்தானது. வெளியே காத்திருந்த இளைஞர்களுக்கும் பொலிஸாருக்கும் இடையில் மோதல் வெடித்தது. ஆனால், தங்களைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அந்த இளைஞர்கள் கண்டுகொண்டது அன்றுதான்.

மறு ஆண்டு அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஹில் வீதியில் இருந்த ஹார்ப் பார் என்ற மதுச்சாலை. குண்டுத் தாக்குதலுக்குப் பயந்து அதன் வாசலைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு அடித்திருந்தார்கள். கூண்டைத் தாண்டி உள்ளே போனால் மாடியில் ஒரு சாதாரண அறை. ரூடி, த அவுட்காஸ்ட்ஸ் போன்ற உள்ளூர்க் குழுக்கள் அந்தச் சூழலில்தான் வளர்ந்தன.

பங்க் இசைக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கிற்றார், ட்ரம்ஸ், மூன்று சுருதிகள் போதும். மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையில் சில அடி தூரம்தான். இன்று வாசிப்பவர் நாளை கூட்டத்தில் நிற்பார்; கூட்டத்தில் நின்றவர் மேடை ஏறுவார். வட அயர்லாந்தில் ஒருவருடைய பெயரும் பாடசாலையும் வீதியும் அவர் எந்தப் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த அறையில் எந்தப் பாட்டைக் கேட்பாய் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. அடையாள அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

அடிக்கடி குண்டு வெடித்த கிரேட் விக்டோரியா வீதியில் குட் வைப்ரேஷன்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவர் டெரி ஹூலி. பெரிய நிறுவனங்களை நம்பியிராமல், 1978 இல் உள்ளூர்க் குழுக்களின் இசைத்தட்டுகளைத் தானே வெளியிடத் தொடங்கினார். அச்சடித்த தாளை மடித்ததுதான் தட்டின் உறை. ‘இன்டி’ என்ற சொல்லின் மூலப்பொருளும் இதுவே: சுயாதீனம். டெரி நகர இளைஞர்களான த அண்டர்டோன்ஸ் குழுவின் ‘டீனேஜ் கிக்ஸ்’ அவ்வாறு வெளியானது. அதை பிபிசி வானொலியில் ஜோன் பீல் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. அந்த மாடியறை போரை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக்கே திரும்பினார்கள். 1998 உடன்படிக்கைக்கு இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன. மொத்தத்தில் 3,500 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மியாமி ஷோபாண்ட் வழக்கில் உயிர் தப்பியவர்களுக்கும் குடும்பங்களுக்கும் இழப்பீடு வழங்க அரசுத் தரப்பு இணங்கியது 2021 டிசம்பரில், 46 ஆண்டுகள் கழித்து. இசை நிகழ்ச்சி நீதிக்கு ஈடாகாது. நல்லிணக்கம் என்ற பெயரில் மேடை போட்டுத்தரும் எவருக்கும் இதை நினைவூட்டலாம்.

அந்த அறைக்குப் பெறுமதி வந்தது வேறு காரணத்தால். எவரும் அதை நல்லிணக்கத் திட்டமாக வகுக்கவில்லை. பிள்ளைகள் பாட்டுக் கேட்க வந்தார்கள். ஒருவரையொருவர் அறிந்துகொண்டது அதன் விளைவு. இன்று ஹில் வீதிக்குப் பக்கத்திலேயே, பழைய விஸ்கிக் களஞ்சியமொன்றில் ஓ யா இசை நிலையம் இயங்குகிறது. 2007 இல் திறக்கப்பட்ட அது இளம் குழுக்களுக்கு ஒத்திகை அறையும் மேடையும் தருகிறது. 2021 இல் யுனெஸ்கோ பெல்பாஸ்டை இசை நகரமாக அறிவித்தது.

நமது வடக்கு கிழக்கிலும் மைதானம் நிறைக்கும் நட்சத்திர இரவுகள் வந்து போகின்றன. ஐம்பது பேர் நின்று கேட்கக்கூடிய, உள்ளூர்ப் பிள்ளைகள் தாங்கள் எழுதிய பாட்டைப் பிழைவிட்டுப் பிழைவிட்டு வாசித்துப் பழகக்கூடிய அறைகள் எத்தனை இருக்கின்றன? பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு சனசமூக நிலையமோ வாசிகசாலை மாடியோ அதற்குப் போதும். திறப்பை வைத்திருப்பவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.