மழையிலும் ஒரு விடுமுறை

விடுமுறை கழிக்க நுவரெலியாவுக்குச் சென்று மழையில் அகப்பட்டோர், "பணமும் பாழ், பயணமும் பாழ்" என நொந்துகொள்வது இயல்பு. ஓர் ஓகஸ்ட் மாதத்தில் நாமும் விடுதிச் சாளரத்தருகே அவ்வாறே முகஞ்சுளித்து அமர்ந்திருந்தோம்.

"ஊரிலை கிணறு வத்திக் கிடக்குது, இஞ்சை பெய்யிற மழையைப் பேசுறியளே!" என்றார் எம் மனைவியார். நாணினோம். அம்மழையன்றோ நானு ஓயாவாய் ஓடிக் கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலி வழியே வரண்ட பகுதி வயல்களை நனைக்கின்றது!

அதன்பின் மழையோடு பகை ஒழிந்தது. குடை பிடித்து, 1894இல் எழுந்த செங்கட்டித் தபாற் கந்தோர் வரை நடந்து, ஊருக்குக் கடிதம் இட்டோம். மழை சற்று ஓய்ந்தவேளை ஹக்கலைப் பூங்காவுக்குச் சென்றோம். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரங்களை வளர்க்கவென 1861இல் தொடங்கிய தோட்டம் அது. மூடுபனியில் அங்குள்ள பன்னங்கள் தனியழகு பெற்றிருந்தன.

மாலைகளிற் சூடான தேநீரும் பேச்சுமே எம் பொழுதுபோக்கு. ஆண்டு முழுவதும் பாடசாலை மணியோசைக்கு ஓடும் நாம், மனைவியாரின் பேச்சை இடையறாது கேட்டது அம்மூன்று நாள்களிலேதான்.

மலைநாடு செல்வோர் குடை, கம்பளிச் சட்டை, மாற்றுச் சப்பாத்து, ஒரு நல்ல நூல் ஆகியவற்றை மறவாது எடுத்துச் செல்க. மழை பெய்கிறதென்று நாளுக்கு முன்னே ஊர் திரும்பற்க.