பக்கத்துக் காரின் கதவு

ரொறன்ரோ நகரசபையின் 569-2013 இலக்க வலயச் சட்டப்படி, ஒரு சாதாரண பார்க்கிங் கட்டம் 2.6 மீற்றர் அகலம் இருந்தால் போதும். ஒரு டொயோட்டா ராவ்4 இன் அகலம், பக்கக் கண்ணாடிகளை விட்டுப் பார்த்தால், ஏறக்குறைய 1.85 மீற்றர். இரண்டு ராவ்4 அடுத்தடுத்த கட்டங்களின் நடுவில் அளந்து வைத்தமாதிரி நின்றாலும் இடையில் மிஞ்சுவது 75 சென்ரிமீற்றர்தான். அதற்குள் கதவைத் திறந்து, மொத்தமான குளிர் ஜக்கெற்றோட ஒருவர் இறங்கி, பின் சீற்றிலிருந்து சாப்பாட்டுச் சட்டியையும் எடுக்கவேணும். கதவில நெளிவு விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

பனிக்காலம் வந்தால் இன்னும் மோசம். கோடுகள் பனிக்குள் மறைந்துவிடும், வழித்த பனியை மலைபோலக் குவித்து நாலைந்து கட்டத்தையும் எடுத்துவிடுவார்கள், மிச்ச இடத்தில் எல்லோரும் நெருக்கி நிறுத்துவோம். போதாக்குறைக்குக் காற்று வேறு கதவைக் கையிலிருந்து பறிக்கும். பெயின்ற் உடையாத நெளிவென்றால் பார்வைக்குத்தான் கவலை. பெயின்ற் உடைந்து இரும்பு தெரிந்தால் றோட்டு உப்பு அதில் இறங்கித் துருப்பிடிக்கத் தொடங்கும். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இடித்தவர் யாரென்று தெரிந்து, அவருக்கும் இன்சூரன்ஸ் இருந்தால், ஒன்ராறியோவின் நேரடி இழப்பீட்டு முறைப்படி உங்கள் கொம்பனியே உங்களுக்குத் தரும். ஆனால் 2024 ஜனவரி 1 முதல் கட்டணத்தைக் குறைப்பதற்காக இந்தப் பாதுகாப்பை வேண்டாம் என்று விடலாம். அப்படிக் கையெழுத்து வைத்திருந்தால், பிழை மற்றவருடையதாக இருந்தாலும் உங்கள் காருக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. பொலிசியை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. இடித்தவர் யாரென்று தெரியாவிட்டால் மோதல் காப்புறுதியில்தான் கேட்கவேணும். முதல் 500 அல்லது 1000 டொலர் உங்கள் கையிலிருந்து போகும். சின்ன நெளிவைத் திருத்த அவ்வளவு வராது, ஆகவே கேட்டுப் பயனில்லை. பெயின்ற் உடையாததென்றால் கதவின் உட்பக்கமாகக் கம்பி விட்டு மெல்ல மெல்லத் தள்ளி எடுக்கிற ஆக்கள் இருக்கிறார்கள். பெயின்ற் அடிக்கிற செலவு மிச்சம்.

இனி, கதவைத் திறக்கிறது யார் என்று யோசியுங்கோ. எங்கட கார்களில் பின்னால் இருப்பது பிள்ளையளும் வயதானவர்களும். பிள்ளைக்கு வழி சுலபம். பின்கதவின் ஓரத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதைப் போட்டுவிட்டால் உள்ளே இருந்து திறக்கமுடியாது. பூஸ்ரர் சீற்றிலிருந்து இறங்குகிற வயதுப் பிள்ளை கதவை உதைத்துத்தான் திறக்கும். நீங்களே போய்த் திறந்துவிடுங்கோ.

பெரியவர்கள் விஷயம் வேறு. மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தபிறகு கதவு முழுசாகத் திறந்தால்தான் இறங்குவா. இரண்டு காலையும் முதலில் வெளியில் வைத்து, கதவையே பிடித்து எழும்புவா. பாரம் முழுக்கக் கதவில். பக்கத்துக் காரில் முட்டாமல் இருக்க வேண்டுமென்றால் அவவை வாசலில் இறக்கிவிட்டுத்தான் காரை நிறுத்தவேணும். முதல்நாள் அப்படிச் செய்தபோது, “என்ன தம்பி, என்னைப் பார்சல் மாதிரி இறக்கிவிட்டிட்டுப் போறியள்?” என்றா. கோயில் வாசலில் குளிருக்குள் தனிய நிற்கிறது அவவுக்கு வெட்கம்.

அதற்குத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி அட்டை. சேர்விஸ் ஒன்ராறியோவில் காசு இல்லாமல் எடுக்கலாம், விண்ணப்பத்தில் தகுதியுள்ள சுகாதாரத் தொழிலாளர் ஒருவரின் உறுதிப்பாடு வேணும். அட்டை ஆளுக்குரியது, காருக்குரியதல்ல. மகளின் காரில் போனாலும் மாமி கொண்டுபோகலாம், மாமி இல்லாமல் நாங்கள் பாவிக்கக்கூடாது. அந்தக் கட்டங்கள் ரொறன்ரோ விதிப்படி 3.4 மீற்றர் அகலம், பக்கத்தில் 1.5 மீற்றர் வழியும் உண்டு. மாமி ஒரு வருஷம் “நான் என்ன நொண்டியா” என்று மறுத்தா. இப்ப அட்டை அவவின் கைப்பையில்தான் இருக்கிறது, எங்களிடம் தரமாட்டா.

கடைகளில் விற்கிற காந்தப் பட்டைகளில் எனக்கு நம்பிக்கையில்லை. அலுமினியக் கதவில் ஒட்டாது, அடியில் மண் அகப்பட்டால் பெயின்றையே கீறும். சொந்தக் கராஜ் சுவருக்கு மட்டும், பிள்ளையள் நீந்தப் பாவிக்கிற நுரைக் குழாயை நீளப்பாட்டுக்கு வெட்டி ஒட்டினால் போதும். வெளியில் என்றால் வரிசையின் கடைசிக் கட்டத்தைத் தேடுங்கோ, கொஞ்சத் தூரம் நடந்தாலும் பரவாயில்லை. அடுத்த கார் வாங்குகிறவர்கள் பின்கதவு சறுக்கித் திறக்கிற வானையும் யோசிக்கலாம். பிள்ளையள் எவ்வளவு உதைத்தாலும் அந்தக் கதவு பக்கத்துக் காருக்குப் போகாது.

கதவைத் தூரக்கையால் திறக்கப் பழகுங்கோ. சாரதி வலக்கையால், வலப்பக்கம் இருப்பவர் இடக்கையால். உடம்பு திரும்பும், கதவு மெல்லத்தான் போகும், பின்னால் வருகிற சைக்கிளும் கண்ணில் படும். தெருவில் பார்க்காமல் கதவைத் திறந்து சைக்கிள்காரரை விழுத்தினால் 2015 முதல் 300 தொடக்கம் 1000 டொலர் வரை தண்டம், 3 புள்ளிகள் வேறு.

எங்கட பிள்ளை மற்றவரின் கதவில் இடித்தால் பெயரும் ரெலிபோன் நம்பரும் எழுதி வைப்பரின் கீழே வைத்துவிட்டு வரவேணும். காருக்குள் ஒரு பென்சில் வைத்திருங்கோ, ஜனவரிக் குளிரில் பேனை எழுதாது.