கட்சியின் வாயிலில் சுயேச்சை அபேட்சகர்

சென்ற விடுமுறையில் ஓசூரில் சில நாள் தங்கியிருந்தபோது, ஆங்கு சிப்காட் பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் நம்மைக் காண வந்தார். தம் பகுதி மக்களுக்குக் குடிநீர், சாலை முதலிய விஷயங்களிற் பல்லாண்டு உழைத்தவர்; தமிழும் தெலுங்கும் கன்னடமும் தடையின்றிப் பேசுபவர்; எக்கட்சியிலும் சேராதவர். "ஐயா, அமெரிக்காவில் ஒரு கட்சியைச் சேராதவரும் அக்கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் நிற்கிறாராமே! நம் ஊரில் அவ்வாறு நிற்க இடமுண்டா?" என்று வினவினார். அன்று நாம் கூறிய விடை அரைகுறையாய் இருந்தமையால், அதனை ஈண்டுச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

பூர்வாங்கத் தேர்தல் என்பது, பொதுத் தேர்தலுக்கு முன்னர், ஒரு கட்சியின் சார்பில் நிற்கவேண்டியவர் யாவர் என்பதை ஓட்டெடுத்துத் தீர்மானிப்பது. தலைவர் சிலர் ஓர் அறையிற் கூடிப் பொறுக்கி எடுத்துவந்த வழக்கத்தை ஒழிக்கும் பொருட்டு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பரவிற்று. அங்கே இதனைப் பெரும்பாலும் நடத்துவது கட்சியன்று. இராஜ்ய சர்க்காரே சட்டப்படி நடத்துகிறது. ஆகவே யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்பதையும் அந்தந்த இராஜ்யச் சட்டமே பெரிதும் வரையறுக்கின்றது. நியூயார்க்கில் 1947-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒரு கட்சியில் பதிவு செய்துகொள்ளாதவர் அதன் பூர்வாங்கத் தேர்தலில் நிற்க வேண்டுமாயின் அக்கட்சிக் கமிட்டியின் அனுமதி பெறவேண்டும். வெர்மாண்ட் இராஜ்யத்திலோ வாக்காளர் கட்சிவாரியாகப் பதிவு செய்துகொள்ளும் வழக்கமே இல்லை. அவ்விடத்துப் பெர்னி சாண்டர்ஸ் என்பவர், தம்மைச் சுயேச்சை என்று கூறிக்கொண்டே 2006, 2012, 2018 ஆண்டுகளில் ஜனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் வென்று, பின் அக்கட்சியின் நியமனத்தை ஏற்க மறுத்து, பொதுத் தேர்தலில் சுயேச்சையாகவே நின்று செனெட் சபைக்குச் சென்றார். கலிபோர்னியாவில் நடந்தது இதனினும் விநோதம். 1913 முதல் 1959 வரை ஒருவரே இரு கட்சிகளின் பூர்வாங்கத் தேர்தலிலும் நிற்க அங்கே சட்டம் இடந்தந்தது. 1946-இல் கவர்னர் எர்ல் வாரன் இரண்டிலும் வென்றார். வீட்டுக்காரனும் விருந்தாளியும் ஒருவனே ஆனாற் போல!

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் 1951-ஆம் ஆண்டு ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பூர்வாங்கத் தேர்தல் என்னும் சொல்லுக்கே இடமில்லை. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளுக்கு முன் கட்சி தன் அபேட்சகரை எங்ஙனம் தெரிந்தெடுக்கிறது என்பது அதன் சொந்த விவகாரம். தமிழ்நாட்டில் உள்ள வழக்கம் யாவரும் அறிந்ததே. கட்சி அலுவலகத்திற் பணம் கட்டி விருப்ப மனு கொடுத்தல், பின்னர்த் தலைமையின் முன் நேர்காணல், அதன்பின் பட்டியல் வெளியீடு. இதில் ஓட்டுமில்லை, எண்ணிக்கையுமில்லை.

ஓட்டெடுத்துப் பார்த்த ஒரு சோதனையும் உண்டு. அது ஓசூருக்கு மிக அருகிலேயே நிகழ்ந்தது. 2014-ஆம் ஆண்டு லோக்சபைத் தேர்தலின்போது, இராகுல் காந்தியின் யோசனைப்படி காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளிற் பூர்வாங்கத் தேர்தல் நடத்திற்று. அத்திபெலேவுக்கு அப்பாலுள்ள பெங்களூர் வடக்கு அவற்றுள் ஒன்று. ஆனால் ஓட்டளித்தோர் கட்சியின் நிர்வாகிகளும் அதன் கிளைகளைச் சேர்ந்தோருமே, பொதுமக்கள் அல்லர். கட்சிக்கு வெளியே நின்ற சுயேச்சைக்கு அதில் வாயில் இல்லை. வென்ற நாராயணஸ்வாமி பொதுத் தேர்தலில் சதானந்த கௌடரிடம் தோற்றார். வடோதராவிலோ, பூர்வாங்கத் தேர்தலில் வென்ற நரேந்திர ராவத் என்பவர், எதிர்க்கட்சியின் சார்பில் நரேந்திர மோடி அங்கு நிற்பதாக அறிவித்தவுடன் விலகிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி நிறுத்தப்பட்டார். ஓட்டெடுத்துக் கொடுத்ததைத் தலைமை ஒரே நாளில் மாற்ற இயலுமாயின் அவ்வோட்டின் மதிப்பு எத்தகையது என்று கேட்பவர்க்கு விடை கூறுதல் எளிதன்று.

சட்டம் குறுக்கிடும் இடம் சின்னம். 1968-ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் உத்தரவில் 13-ஆம் பிரிவு இதற்கு உயிர்நாடி. அதன்படி, ஒருவர் ஒரு கட்சியின் அபேட்சகராகக் கருதப்பட வேண்டுமாயின், அவர் அக்கட்சியின் அங்கத்தினராயிருத்தல் வேண்டும். அவர் பெயர் அதன் அங்கத்தினர் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். நியமனப் பத்திரம் தாக்கல் செய்வதற்குரிய கடைசி நாளன்று பிற்பகல் 3 மணிக்குள், அதிகாரம் பெற்றவர் கையொப்பமிட்ட அறிவிப்பு தேர்தல் அதிகாரியிடம் சேர்தல் வேண்டும். நாட்டார் வழக்கில் 'ஏ பாரம், பி பாரம்' என்பன இவையே. ஆக, சுயேச்சையாக இருந்துகொண்டே கட்சியின் சின்னத்தில் நிற்றல் இயலாது.

எனினும் எத்தனை நாள் அங்கத்தினராயிருக்க வேண்டும் என்று அவ்வுத்தரவு கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலையிற் சேர்ந்தவர் மாலைக்குள் அபேட்சகராகலாம். 2019-இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த இரவிக்குமார் விழுப்புரத்திலும், ம.தி.மு.க.வின் கணேசமூர்த்தி ஈரோட்டிலும் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றமை யாவரும் அறிந்தது. அதே தேர்தலில் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று வென்றார். சின்னத்தைக் கடன் வாங்கியவர் சபைக்குள் அச்சின்னத்திற்கு உரியவரின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார் என்பதே இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை.

தனித்தே நிற்பவர் நிலை யாது? அங்கீகாரம் பெற்ற கட்சியின் அபேட்சகருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர் பதின்மர் வேண்டும். சட்டசபைத் தேர்தலுக்கு வைப்புப் பணம் 10,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் அதிற் பாதி. தோற்றவர் செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேற் பெறாவிடின் அப்பணம் போய்விடும். இவ்வளவு இடருக்கும் இடையே சுயேச்சை வெல்வது அரிதேனும், ஓசூருக்கு அது புதிதன்று. 1957-இல் இத்தொகுதியின் பிரதிநிதியாய்ச் சென்ற அப்பாவு பிள்ளை சுயேச்சையே. ஆனால் 1985-இல் அரசியலமைப்பிற் சேர்ந்த பத்தாம் அட்டவணையின்படி, இன்று சுயேச்சையாக வென்றவர் பின்னர் ஒரு கட்சியிற் சேர்ந்தால் தம் ஸ்தானத்தை இழப்பார். ஆகையால் சேர்வதாயின் தேர்தலுக்கு முன்னரே சேர்தல் வேண்டும். பின்னர்க் கதவு அடைபட்டுவிடும். (வாயில்களைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி, 1952-இல் பொதுத் தேர்தலில் நில்லாமலே, மேல்சபை நியமனத்தின் வழியே முதன் மந்திரியானார்.)

எல்லைப்புறத்தார்க்கு உரிய ஒரு நுட்பமும் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டசபைக்கு நிற்பவர் தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளராயிருத்தல் வேண்டும். லோக்சபைக்கு அக்கட்டுப்பாடு இல்லை. எனவே அத்திபெலே வாக்காளர் ஒருவர் ஓசூர்ச் சட்டசபைத் தொகுதியில் நிற்க முடியாது. கிருஷ்ணகிரி லோக்சபைத் தொகுதியிலோ தடையின்றி நிற்கலாம். நம் மாணாக்கரின் பெயர், அவர் பெங்களூரில் வேலை பார்த்த நாளிலிருந்து, அங்குள்ள வாக்காளர் பட்டியலிலேயே இருந்தது! அதனை முதலில் மாற்றிக்கொள்ளுமாறு அவருக்கு எழுதினோம். மாற்றிவிட்டதாகவும், முன்மொழிய எழுவர் இசைந்ததாகவும், இதற்கிடையே ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர் இருமுறை தம் வீடு தேடி வந்து போனதாகவும் அவர் மறுமொழி எழுதியிருக்கிறார்.